மீண்டும் ஒன்றிலிருந்து

கிறிஸ்தவ வாழ்வில் அன்றாட வளர்ச்சி பற்றிப் பேசுகிறவர்கள் சேமிப்புக் கணக்கின் பாஷையில் பேசுகிறார்கள். தினம் ஓர் அதிகாரம், தினம் ஒரு ஜெபம். வட்டி தானே ஏறும். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்தப் பாஷை பழக்கம். அதனாலேயே அது இங்கே செல்லாது என்று தோன்றுகிறது.

சிமோன் வெய்ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானத்துக்கு இணங்காமல் சபைக்கு வெளியிலேயே நின்றவர். 1941ல் தென் பிரான்ஸில் திராட்சை அறுவடை வேலைக்குப் போன நாட்களில், அதுவரை ஜெபித்தே அறியாத அவர், பரமண்டல ஜெபத்தைக் கிரேக்க மூலத்தில் தினமும் சொல்லத் தொடங்கினார். காலையில் ஒரு முறை, முழுக் கவனத்தோடு. கவனம் இம்மி பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. 1942ல் பாதிரியார் பெரேனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

நோட்டுக் கட்டைக் கையால் எண்ணுகிறவனுக்கு இது விளங்கும். அறுபதில் நினைவு தப்பினால் அறுபத்தொன்று இல்லை, ஒன்றுதான். நேற்றைய சரியான எண்ணிக்கை இன்றைய கட்டுக்கு உதவாது.

அவருக்கு அந்த வார்த்தைகள் முப்பத்திரண்டு வயதில் வந்தன. எனக்கோ, குடும்ப ஜெபத்தில், பேச்சு வரும்போதே வந்துவிட்டன. மனப்பாடமானதும் கவனத்துக்கு விடுப்பு கிடைத்துவிடுகிறது. ஆகாரத்தைக் கேட்கிற வரியில் மனம் பஸ் பிடிக்கப் போய்விடும். நாக்கு மட்டும் ஆமென் வரை போய்ச் சேரும். தெரிந்த கவிதைதானே என்று நினைத்த கணத்தில் வாசிப்பு நின்றுபோவதும் இப்படித்தான்.

அப்படியானால் வளர்ச்சி எது? நழுவியதை முன்னைவிடச் சீக்கிரம் கண்டுகொள்வது. கண்டபின் அலுக்காமல் ஒன்றிலிருந்து தொடங்குவது. இருப்பு என்று காட்ட எதுவும் மிஞ்சாது. அந்த ஜெபமே இன்றைய ஆகாரத்தை மட்டும்தானே கேட்கிறது.