அச்சமும் வீட்டு விலையும்

சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்து நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். அவருடைய மகன் ஐக்கிய அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் பணிபுரிகிறான். அங்கே வீட்டு விலை கைக்கு எட்டாததால், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் ரொசாரித்தோ கடற்கரையில் வீடு வாங்க எண்ணுகிறானாம்.

"அது பயமில்லாத ஊர்தானா, சாமி? உங்களோடு படித்தவர் ஒருவர் அந்தப் பக்கம் இருப்பதாகச் சொல்வீர்களே!" என்றார்.

உரோமாபுரியில் நம்முடன் பயின்ற அந்தக் குருவானவர், ரொசாரித்தோவை அடுத்த திஹுவானா நகரில் பணியாற்றுகிறார். அவருக்கு எழுதினோம். அவரது நீண்ட பதிலின் சாரத்தை இங்கே தருகிறோம்.

எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் அந்நியர் நேரடியாக நிலம் வாங்குவதை மெக்சிகோவின் 1917-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பத்திரம் ஒரு வங்கியின் பெயரில் இருக்கும். 50 ஆண்டுகால ஒப்பந்தத்தின்படி அந்நியர் அவ்வீட்டை அனுபவிக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்லலாம். சட்டம் இட்ட வேலிக்கு இவ்வாறு ஒரு வாயில் உண்டு. ஆனால், அச்சம் இடும் வேலிக்கு வாயில் ஏது?

2008-ஆம் ஆண்டில் போதைப்பொருள் கும்பல்களின் மோதலால் திஹுவானாவில் 800-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அமெரிக்க அரசு தன் குடிமக்களை எச்சரித்தது. அதே ஆண்டு அமெரிக்க வங்கிகளும் தள்ளாடின. பணமும் துணிவும் ஒருங்கே வற்றியதால், வாங்க வந்தவர்கள் வராமற் போயினர். கடலோர அடுக்குமாடிகள் சில அரைகுறையாக நின்றன. கொத்தனார், தச்சர், காவற்காரர், வீடு பெருக்கும் பெண்கள் எனப் பலர் பிழைப்பை இழந்தனர்.

இனி வியப்பைக் கேளுங்கள். 2018-ஆம் ஆண்டில் அதே நகரில் கொலையுண்டோர் 2,500-க்கும் அதிகம். ஆயினும் இம்முறை அந்நியர் ஓடவில்லை. கலிபோர்னியாவின் வீட்டுச் செலவு தாளாமல் மேலும் பலர் அங்கே குடிவந்தனர். வாடகையும் விலையும் ஏறின. காரணம் என்ன? அக்கொலைகளில் பெரும்பாலானவை நகரின் கிழக்கே ஏழைகள் வாழும் குடியிருப்புகளில் நிகழ்ந்தன. அந்த ஓலம் கடற்கரை மாடிகளை எட்டவில்லை. ஆபத்தின் அளவன்று, பணம் கொடுப்பவனின் அச்சமே விலையை ஏற்றி இறக்குகிறது என்பது இதனால் புலனாகிறதன்றோ?

நண்பர் இவ்வாறு முடித்திருந்தார்: "எங்கள் ஊர் பத்திரமானதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 'யாருக்கு?' என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு."

இவ்வரியைப் படித்தபோது நமக்கு நாணமாயிற்று. நம் கடிதத்தில் நாமும் கடற்கரையைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தோம். வாங்கியவன் அஞ்சினால் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லையைக் கடந்துவிடுவான். அவ்வீட்டைக் கட்டியவன் எங்கே போவான்?

ஆசிரியரை அழைத்துக் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். "பத்திரத்தையும் வங்கி ஒப்பந்தத்தையும் தக்கவர் மூலம் சரிபார்க்கச் சொல்லுங்கள். அத்துடன், அங்கே வேலை செய்யும் கொத்தனாரின் பிள்ளைகள் அந்தி சாய்ந்தபின் அச்சமின்றி வீடு திரும்புகிறார்களா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள்" என்றோம்.

அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அதை முதலில் கேட்கச் சொல்கிறேன், சாமி" என்று கூறி விடைபெற்றார்.