அடுத்த வீட்டுச் சாவி

2021 சித்திரையில், தில்லிவாசிகளாகிய நாம் பிராணவாயு உருளைக்கு அலைந்த நாட்களவை. தாயாரைக் காணச் சிட்னியிலிருந்து வந்திருந்த அடுத்த வீட்டு அன்பர், அன்னாரை மயானத்தில் சேர்த்துவிட்டுத் திரும்ப இயலாமல் தவித்தார். ஆஸ்திரேலியக் குடிமகனேயாயினும், முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர் மே 3 முதல் உள்ளே வரலாகாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்றது அந்நாட்டரசு. தனிமை விடுதிகள் தாங்கமாட்டா என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நோய் தலைவிரித்தாடியபோது இத்தண்டனை எங்கே போயிற்று என்று அங்கேயே பலர் கேட்டனர். கோப்புகளில் ‘அனுமதி இல்லை’ என்றெழுதிப் பழகிய கை நம்முடையது. அவருக்கு ஆறுதல் கூற நா எழவில்லை.

மே 15-இல் தடை நீங்கியது. டார்வினுக்குப் புறப்பட்ட முதல் விமானத்தில் செல்லவிருந்தோர் பலர் தொற்றுச் சோதனையால் நிறுத்தப்பட்டனர், அவரும் ஒருவர். பூட்டிய வீட்டின் சாவியைக் கேட்டு இரவில் நம் வாசலில் நின்றார். கதவைத் திறக்க நாமும் சற்றே தயங்கினோம்.