ஏலத்தில் போனவர்களும் போகாதவர்களும்

கோவில்பட்டியில் ஹாக்கி அணித் தேர்வைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். மற்ற ஊர்களில் டீக்கடை பெஞ்சில் கிரிக்கெட் ஓடும். இங்கே இன்னும் மட்டையும் பந்தும்தான் ஓடுகிறது. இந்திய அணிப் பட்டியல் பேப்பரில் வந்த அன்றைக்கு முடிவெட்டும் கடையில்கூட ஒரு தேர்வுக் குழு கூடிவிடும். நான் பிறந்தது காரைக்கால், படித்தது பிரெஞ்சு மீடியம். மத்திய சர்க்கார் குமாஸ்தா உத்தியோகம் இந்தக் கரிசல் காட்டில் கொண்டுவந்து விட்டது, இங்கேயே தங்கிவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கும் அந்தக் குழுவில் ஓர் இடம் உண்டு என்று நினைக்கிறேன். அதனால் இன்று ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கதையைப் பேசலாம்.

2017-க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள் அல்லவா? அதற்கான ஏலம் 2024 அக்டோபர் 13 முதல் 15 வரை மூன்று நாள் டெல்லியில் நடந்தது. ஆண்களில் எட்டு அணி. ஒவ்வொரு அணியின் கையிலும் நாலு கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். குறைந்தது 16 பேர் இந்தியர்கள், அந்தப் பதினாறில் நாலு பேர் கட்டாயம் ஜூனியர். மீதி எட்டு பேர் வெளிநாட்டுக்காரர்கள். அடிப்படை விலை பத்து லட்சம், ஐந்து லட்சம், இரண்டு லட்சம் என்று மூன்று படி. நம் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்கு சூர்மா கிளப்புக்குப் போனார். அதுதான் உச்ச விலை. அபிஷேக் 72 லட்சம், பெங்கால் டைகர்ஸ். ஹர்திக் சிங் 70 லட்சம், யு.பி. ருத்ராஸ். வெளிநாட்டவர்களில் கொன்சாலோ பேய்லாட் 68 லட்சம், ஹைதராபாத். இந்தப் பேய்லாட் ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வாங்கியவர். பிறகு ஜெர்மனிக்கு மாறி, பாரிஸ் அரையிறுதியில் நம்மைத் தோற்கடித்த அணியில் ஆடினார்.

நம்ம அணி தமிழ்நாடு டிராகன்ஸ். டச்சுக்காரர் ஜிப் யான்சனை 54 லட்சத்துக்கும், அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும், அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கும் எடுத்தார்கள். மூன்று பேருக்கு மட்டும் 134 லட்சம். அதாவது 24 பேருக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மூன்று பேருக்கே போய்விட்டது. டீக்கடையில் சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஹாக்கி தெரிந்தவன் முதலில் பின்பக்கத்தைத்தான் பூட்டுவான். நல்ல கோல்கீப்பர், பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து வரும் ரோஹிதாஸ், கார்னர் அடிக்க யான்சன். வீட்டுக்கு முதலில் கதவு, பிறகுதான் சன்னல். பாரிஸில் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கியதை வைத்து அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர் இல்லாத அரையிறுதியில் நாம் தோற்றதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

நடந்தது என்ன? டிராகன்ஸ் அரையிறுதி வரை வந்தது. அங்கே பெங்கால் டைகர்ஸிடம் தோற்றது. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி ரூர்கேலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்கால் 4-3 என்று ஹைதராபாத்தை வென்றது. அன்றைக்கு மூன்று கோல் போட்டவர் ஜுக்ராஜ் சிங். 78 லட்சத்துக்காரர் ஆடிய அணிக்கு இறுதியில் இடமில்லை. ஏல விலை என்பது அன்றைய சபையின் ஆசைதானே தவிர ஆட்டத்தின் தீர்ப்பு அல்ல. இதைச் சொல்ல நான் ஹாக்கி பண்டிதனாக இருக்க வேண்டியதில்லை. பருத்தி விலையைப் பார்த்த எந்தக் கரிசல் சம்சாரியும் சொல்வார்.

இங்கேதான் எனக்கு இன்னொரு ஊர்க் கதை ஞாபகம் வருகிறது. என் அக்கா பேரன் கனடாவில் மான்ட்ரியலில் இருக்கிறான். அங்கே பத்திரிகைகள் பிரெஞ்சில் வரும். "தாத்தா, உங்க பாஷையிலயே விளையாட்டுச் செய்தி படிங்க" என்று அவ்வப்போது வாட்ஸப்பில் அனுப்புவான். போன வருஷம் ஏப்ரலில் ஒரு துண்டு வந்தது. அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பால், நம்முடைய கால்பந்து இல்லை. தலையில் கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் வருஷா வருஷம் வரிசைப்படி பொறுக்கி எடுக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். கனடா பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ரெபெஷாஜ்' என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் அறுபது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

'பெஷ்' என்றால் பிரெஞ்சில் மீன்பிடிப்பு. 'ரெபெஷாஜ்' என்றால் தண்ணீரில் விழுந்ததைத் திரும்பத் தூக்குவது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் பரீட்சை. மயிரிழையில் தவறிய பையனை ஒரேயடியாக அனுப்பிவிட மாட்டார்கள். மறுபடி கூப்பிட்டு, முன்னால் நிற்க வைத்து, வாய்மொழியாக இன்னொரு முறை கேட்பார்கள். அப்படித் தூக்கப்பட்ட என் வகுப்புத் தோழன் ஒருவன் பிற்காலத்தில் பிரான்சில் பெரிய உத்தியோகம் பார்த்தான். தூக்காமல் விட்டிருந்தால் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்திருப்பான். அதுவும் கௌரவமான தொழில்தான், ஆனால் அவன் கேட்டது அது இல்லை.

அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தேர்வு. ஜெயித்த அணி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 1936-இல் ஆரம்பித்த ஏற்பாடு. பணக்கார அணிகளே எல்லா நல்ல ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனதால், பெர்ட் பெல் என்ற அணி உரிமையாளர் கொண்டுவந்த யோசனை. இளைத்தவனுக்கு முதல் பந்தி. முதலாளித்துவ நாட்டில் இப்படி ஒரு சட்டமா என்று எனக்கு ஆச்சரியம்.

ஆனால் அங்கேயும் பொறுக்குகிறவர்களின் கண் அடிக்கடி தவறும். 1936-இல் முதன்முதலாகப் பெயர் வாசிக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்தத் தொழில்முறை லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-இல் டாம் பிரேடி என்ற பையனை 198 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். அவர் ஆடும் அதே இடத்துக்கு அவருக்கு முன்னால் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த 199-ஆம் ஆள்தான் ஏழு முறை பட்டம் வென்றார். 2022-இல் ஆகக் கடைசி, 262-ஆம் பெயர் பிராக் பர்டி. கடைசியாக எடுக்கப்படுகிறவருக்கு அங்கே 'ஒரு பொருட்டில்லாதவர்' என்று கேலிப் பட்டம் உண்டு. அவர் இரண்டே வருஷத்தில் தன் அணியை இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

நான் உத்தியோகத்தில் எத்தனையோ பட்டியல்கள் தட்டச்சு செய்தவன். பட்டியலில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் இடையில் பல சமயம் அரை மார்க்தான் இருக்கும். ஆனால் கோடு போட்ட பிறகு, கோட்டுக்கு மேலே இருப்பவன் உத்தியோகஸ்தன், கீழே இருப்பவன் வேலையில்லாதவன். அந்தக் கோடு போடுகிறவர்களுக்கு நடுக்கம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் தமிழ்நாட்டுப் பையன்கள் இருவர் முதன்முதலாக இந்தியச் சட்டை போட்டார்கள். ஒருவர் நம்ம கோவில்பட்டி மாரீஸ்வரன். இன்னொருவர் அரியலூர் கார்த்தி செல்வம். அவரும் நம்ம ஊர் விளையாட்டு விடுதியில் ஆடித் தேறியவர்தான். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அன்றைக்கு இந்த ஊரில் வெடி வெடித்தது தீபாவளிக்கு வெடித்ததைவிடக் குறைவில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி இருந்தார். 2024 ஏலத்தில் டிராகன்ஸ் அவரை எடுத்தது. மூன்று நாள் ஏலத்தில் எனக்கு மிகவும் திருப்தியான தேர்வு எது என்று கேட்டால் அதுதான்.

ஆனால் கார்த்தியும் மாரீஸ்வரனும் இரண்டு பேர். விடியற்காலை கிருஷ்ணா நகர் மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பையன்களும் பிள்ளைகளும் தோளில் மட்டையோடு சைக்கிளில் வந்துகொண்டிருப்பார்கள். பலருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், அப்பா மில்லிலோ மானாவாரிக் காட்டிலோ பாடுபடுகிறவர். அந்த வீட்டில் ஹாக்கி பொழுதுபோக்கு இல்லை. ரயில்வேயிலோ, போலீசிலோ, கடற்படையிலோ, வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம். அதுதான் கணக்கு. டெல்லி ஏலம் தொலைக்காட்சிக்கு. இந்த வீடுகளுக்கு உண்மையான ஏலம் அந்த ஆள்சேர்ப்புத் தேர்வு நடக்கும் காலை நேரம்தான்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பதினெட்டு வயசு, நடுக்களத்தில் ஆடுவான். ஆள் மெலிசு, ஆனால் பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் தேர்வுக்குப் போனான். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்களாம். இவனுக்குக் கிடைத்தது பத்தே நிமிஷம். அதிலும் பந்து இவன் பக்கம் வந்தது நாலு தடவை. ராத்திரி ரயிலில் திரும்பி வந்தவனை அவன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிடு ஐயா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவன் மட்டையை எடுக்கவில்லை. ஒரு வாரம் எடுக்கவில்லை. இப்போது ஒரு கடையில் நிற்கிறான், சாயங்காலம் மட்டும் ஆடுகிறான். பத்து நிமிஷத்தில் ஒரு பையனைத் தூக்கி எறிய முடியும் என்றால், அவனை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்?

அதனால் என் அபிப்பிராயங்களை ஒரு மனுவாகவே சொல்லிவிடுகிறேன். மனு எழுதுவது பழகிய கை.

முதலாவது, தமிழ்நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ளும் அணி, கட்டாயமான அந்த நாலு ஜூனியர் இடங்களில் இரண்டையாவது இங்கே ஆடும் பையன்களுக்கு ஒதுக்கட்டும். பஞ்சாபும் ஒடிசாவும் நன்றாக ஆடுகின்றன, மறுக்கவில்லை. உச்ச இடங்களுக்கு யாரையும் வாங்கட்டும். இரண்டு லட்ச ரூபாய் இடத்துக்கும் வெளியூர் ஆளா?

இரண்டாவது, தேர்வு நடத்தும் எவரும் ஒரு நாளில் கோடு போட வேண்டாம். கோட்டுக்குக் கீழே இருக்கிற முதல் பத்துப் பேரை மறுநாள் இருக்க வைத்து முழு ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள். எங்கள் பிரெஞ்சு வாத்தியார்களுக்குத் தெரிந்த விஷயம் இது. பிரேடியைத் தவறவிட்ட அமெரிக்கர்களுக்குப் பாடமான விஷயமும் இதுதான்.

மூன்றாவது, இது நமக்கு. ஒவ்வொரு மே மாதமும் இங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை அகில இந்தியப் போட்டி நடக்கிறது. ரயில்வே, கடற்படை, வங்கி, எண்ணெய்க் கம்பெனி என்று பெரிய அணிகள் நம் வாசலுக்கே வருகின்றன. பொறுக்குகிறவர்களும் கூடவே வருகிறார்கள். அந்த நாட்களில் நம் உள்ளூர்ப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு முதலில் போய் உட்காருங்கள். இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் தானாக வரும். கூட்டம் கைதட்டினால் பொறுக்குகிறவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். ஓய்வூதியக்காரர்களான நம்மிடம் பணம் குறைவு, நேரம் நிறைய. சாயங்காலம் ஒரு குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் போதும்.

எங்கள் தெருப் பையனையும் இந்த மே மாதம் ஆட வரச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம் ஐயா" என்றான். அவனுக்கு இன்னும் பத்தொன்பது ஆகவில்லை. அவன் ஆடும் நாள் எது என்று தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன். முடிந்தவர்கள் வாருங்கள், மேற்குப் பக்க நிழலில் இடம் பிடித்து வைக்கிறேன்.