நம்பிக்கை உடைந்த பிறகு

நம்பியவரே கைவிடும் வலி, பட்டவர்களுக்குத்தான் தெரியும். நெருங்கிய ஒருவர் என் நம்பிக்கையை உடைத்தபோது ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. மன்னித்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

வேதாகமத்தில் யோசேப்பின் கதை எனக்கு வழி காட்டியது. சொந்த அண்ணன்மாரே விற்றுப்போட்ட அவர், பஞ்ச காலத்தில் களஞ்சியங்களைத் திறந்து ஊருக்கே சோறிட்டார். பசித்து வந்தவர்களில் அந்த அண்ணன்மாரும் இருந்தார்கள்.

கசப்புக்கு நடுவிலும் இரக்கம் காட்டியவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. எங்கள் ஊரான பொம்மிடியிலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதையில் திருப்பத்தூர் இருக்கிறது. 1921-ல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக் குடும்பத்தவரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையே கசப்பு மண்டிய காலம் அது. அவர்கள் கதர் உடுத்தி, ஒன்றாக வாழ்ந்து, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அறியப்பட்டார்கள்.

மன்னிப்பது என்றால் ஏமாற்றியவரை மறுபடி நம்பியாக வேண்டும் என்பதில்லை. அவர் செய்த காயம் நம் இரக்கத்தையும் பறித்துவிடாமல் காப்பதுதான் முதல் படி.

பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, தனித்திருக்கும் முதியவர்கள் நம் தெருக்களில் உண்டு. மனம் உடைந்திருக்கிறீர்களா? அவர்களில் ஒருவரை இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஆறுதல் அங்கிருந்து தொடங்கும். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.