ஐந்து மணிக்கு இருட்டும் ஊரில் ஒரு பழைய வண்டி

ஜூன் விடுமுறைக்கு நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகத் திட்டமிடும் நம் குடும்பங்கள் விமானக் கட்டணத்தைப் பற்றியும் குளிராடைகளைப் பற்றியும் நிறையப் பேசுகின்றன. சூரியன் மறையும் நேரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் இருட்டும். அங்கே ஜூன் மாதம் நடுக்குளிர்காலம். மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் எட்டு மணிவாக்கில்தான் மீண்டும் எட்டிப் பார்க்கும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே தெருவிளக்கு கிடையாது. வண்டியின் முகப்பு விளக்குதான் துணை.

நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். நான், கணவர், அம்மா, ஆறு வயது மகள். கிறைஸ்ட்சர்ச்சில் வசிக்கும் என் பெரியப்பா மகன் தன்னுடைய மோட்டார்ஹோமை எங்களுக்குக் கொடுத்தார். 1996-இல் வெளிவந்த ஜப்பானிய வேன் அது. பின்பாதியை எடுத்துவிட்டு, மரச்சட்டமும் ஃபைபர்கிளாஸும் கொண்டு ஒரு குட்டி வீட்டைக் கட்டியிருந்தார்கள். கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளில் முடிந்துவிடும் ஊரில் வளரும் என் மகளுக்கு, அம்மாவின் வயதை நெருங்கும் ஒரு வண்டியில் ஏறுவதே பெரிய வேடிக்கையாக இருந்தது.

அண்ணன் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் தந்தார். "இது வண்டிக்கு முதலுதவிப் பெட்டிம்மா. பழைய வண்டி நல்லா ஓடும். ஆனா அதுக்கு வயர் வயசாயிடுச்சு," என்றார்.

ஏரிகளின் ஊரில்

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரி மூன்று மணி நேரப் பயணம். பர்க்ஸ் கணவாயைத் தாண்டியதும் நிலம் திடீரென்று விரிந்துகொள்கிறது. மரம் குறைந்து, வெளிர்மஞ்சள் புல்வெளியும் பனிமூடிய மலைகளும் மட்டுமே தெரியும். இது மெக்கன்சி சமவெளி. ஏரிக்கரையில் 1935-இல் கட்டப்பட்ட சிறிய கல் தேவாலயத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். வானம் தெளிவாக இருந்தால், தெற்கே போகும் வழியில் புக்காக்கி ஏரியின் மறுகோடியில் 3,724 மீட்டர் உயர அவுராக்கி மலை தெரியும். எங்களுக்குத் தெரிந்தது. மகள் அதைப் பெரிய ஐஸ் கச்சாங் என்றாள்.

அன்றிரவு லிண்டிஸ் கணவாயைக் கடந்து வனாக்காவில் தங்குவதாகத் திட்டம். நான்கரை மணிக்கு டுவைசல் ஊரை நெருங்கும்போது கணவர் விளக்கைப் போட்டார். வலப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. இடப்பக்கம் சாமி அறை விளக்குபோல் மஞ்சளாக மினுக்கியது. இடது சிக்னலைப் போட்டால், அதன் தாளத்துக்கு ஏற்ப முகப்பு விளக்கும் மங்கி மங்கி எரிந்தது.

"ரெண்டு மணி நேரந்தான். ஒரு விளக்கு இருக்கே, மெதுவா போயிடலாம்," என்றார் கணவர். வனாக்காவில் கட்டிய பணம் திரும்பி வராது என்பதும் அவர் கவலை.

லிண்டிஸ் கணவாய் 971 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் உறைந்திருக்கும். அதைப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும். இடப்பக்கம் சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று காட்டுவதும் அந்த இடது விளக்குதான்.

பின்னிருக்கையிலிருந்து அம்மா சொன்னார்: "தம்பி, பணம் போனா போகட்டும். பிள்ளை பின்னால இருக்கு. இங்கயே நிறுத்துங்க."

கணவர் மறுபேச்சு பேசவில்லை. டுவைசலில் ஒரு முகாம் பூங்காவில் வண்டியை நிறுத்தினோம்.

விளக்குக்கு என்ன கோளாறு?

டுவைசல் 1968-இல் நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காக உருவாக்கப்பட்ட ஊர். வைட்டாக்கி ஆற்றுப் படுகையில் எட்டு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் இடத்தில் எங்கள் வண்டியின் ஒரு விளக்குக்கு மட்டும் மின்சாரம் சரியாகப் போய்ச் சேரவில்லை.

அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். "உள்ளே லைட் எல்லாம் நல்லா எரியுதே," என்றேன்.

"அது வேற பேட்டரிம்மா," என்றார்.

மோட்டார்ஹோமில் இரண்டு மின்சுற்றுகள் உண்டு. இயந்திரத்தைக் கிளப்புவதும் முகப்பு விளக்கை எரிப்பதும் ஒரு பேட்டரி. வீட்டுப்பகுதியின் விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் இன்னொரு பேட்டரி. முதலாவதை வேன் செய்த தொழிற்சாலை அமைத்தது. இரண்டாவதை வீட்டைக் கட்டியவர் அமைத்தார். கோளாறு எந்தச் சுற்றில் என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெட்டியிலிருந்த மல்டிமீட்டரை எடுத்து இயந்திர பேட்டரியை அளந்தேன். 12.6 வோல்ட். குறையில்லை. மேலும், பேட்டரியில் குறை இருந்தால் இரண்டு விளக்குகளும் சேர்ந்தே மங்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, இணைப்பு, எர்த் ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து இடது பல்பைக் கழற்றி வலப்பக்கமும் வலது பல்பை இடப்பக்கமும் மாற்றிப் போட்டோம். இந்த வகைப் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தார். மாற்றிய பிறகும் இடப்பக்கமே மங்கியது. ஆக, பல்பு நல்ல பல்பு.

"சிக்னல் போட்டா மங்குதுன்னு சொன்னியே, அப்ப எர்த்தைப் பாரு," என்றார் அண்ணன்.

அந்த இடத்தில் எனக்குச் சட்டென்று புரிந்தது. வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியைத் திறந்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால், எங்கள் ஒலிப் பொறியாளர் முதலில் எர்த் இணைப்பைத்தான் தேடுவார். மின்சாரம் போவதற்கு ஒரு பாதை இருப்பதுபோல் திரும்புவதற்கும் ஒரு பாதை வேண்டும். வண்டியில் போகும் பாதை வயர். திரும்பும் பாதை பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடல். அந்த உடலோடு வயரை இறுக்கும் போல்ட்டில் துரு ஏறினால் திரும்பும் வழி குறுகிவிடும். முகப்பு விளக்கும் சிக்னலும் ஒரே போல்ட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தால், ஒன்று எரியும்போது மற்றதற்கு வழி இன்னும் குறுகும்.

விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கின் எர்த் வயரிலும் வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். வலப்பக்கம் 0.1 காட்டியது. இடப்பக்கம் 2.8. விளக்குக்குச் சேர வேண்டிய வோல்ட்டில் அவ்வளவும் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பல்புகளில் வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் முப்பது விழுக்காடு குறையும். எங்கள் விளக்கு இழந்தது அதைவிட இரண்டு மடங்கு வோல்ட்.

பெட்டியில் இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த நீள வயர் ஒன்று இருந்தது. அதை விளக்கின் எர்த்திலிருந்து நேராக பேட்டரியின் எதிர்முனைக்குக் கொடுத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள் கைதட்டினாள்.

போல்ட் முகப்பு விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. விளக்கை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு கணவர் அதைத் திருகி எடுத்தார். அடியில் பச்சையும் காவியுமாகத் துரு. உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே ஈரம் படாமலிருக்க அம்மாவின் கைப்பையிலிருந்த வாசலினைத் தடவினோம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். செலவு எதுவும் இல்லை.

இருட்டும் ஒரு செல்வம்

அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. இப்போது போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. சரியான விளக்கு இருந்தாலும் கணவாயின் பனி உருகிவிடாது. அம்மா ரசம் வைத்தார்.

மெக்கன்சி சமவெளியில் 1980-களிலிருந்தே வெளிப்புற விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. விளக்குகள் தரையை நோக்கியே ஒளிவீச வேண்டும். டெக்காப்போவுக்கு மேலே மவுண்ட் ஜான் வானாய்வு நிலையம் இருப்பதே காரணம். 2012-இல் இந்தச் சமவெளியும் அவுராக்கி தேசியப் பூங்காவும் சேர்ந்து, 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல், அனைத்துலக இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. விடிவதற்கு முன் எழுந்த அம்மா எங்களையும் எழுப்பினார். வடகிழக்கில் சிறு கொத்தாகச் சில நட்சத்திரங்கள்.

"நம்ம கார்த்திகைடி," என்றார் மகளிடம்.

மவோரி மக்கள் அதை மத்தாரிக்கி என்கிறார்கள். குளிர்காலத்தில் அது விடியலுக்கு முன் தோன்றுவதே அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் அங்கே அது பொது விடுமுறை. தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் வாழும் என் மகள் கார்த்திகையைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

பழைய வண்டியில் போகிறவர்களுக்கு

மல்டிமீட்டர், கிளிப் வைத்த வயர், உப்புத்தாள், மாற்றுப் பல்பு, பல அளவு ஃபியூஸ், தலையில் கட்டும் டார்ச் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வையுங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவைத்தான் போட வேண்டும். பதினைந்து ஆம்ப் இடத்தில் முப்பது போட்டால், ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். போட்டது மறுபடியும் போனால், எங்கேயோ வயர் உரசுகிறது என்று பொருள். தளத்தில் துளை வழியாக வயர் நுழையும் இடங்களை முதலில் பாருங்கள். இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் போன்ற பொதுவான இடங்களைப் பாருங்கள். சுவிட்ச் கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ கருகிய வாடை வந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கு தேவைப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அதைப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு நான்கரை மணிக்கே தெரிந்ததால்தான் ஊருக்குள் நிறுத்த முடிந்தது. மறுநாள் காலை பத்து மணி வெயிலில், இரண்டு விளக்கையும் எரியவிட்டே லிண்டிஸ் கணவாயைக் கடந்தோம். சாலையோர நிழல்களில் பனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.