குறுக்கே நடப்பவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி வாயிலுக்குச் சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலையோரப் புளியமரத்தடியில் நான்கைந்து இளைஞர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து, ஒரு வாரம் இரவும் பகலுமாக வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கையில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். லாரிக்கு ஒரு கட்டம், பேருந்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று, இருசக்கர வண்டிக்கு ஒன்று. சாலையை அகலப்படுத்தத் திட்டமிடுவதற்கு முன் செய்யும் கணக்கெடுப்பு என்றார்கள். நடந்து போகிறவர்களையும் எண்ணுவீர்களா என்று கேட்டேன். "அதுக்கு இதுல கட்டம் இல்ல சார்" என்றார் ஒருவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தமிழ் படித்தவனுக்கு இந்தக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். சொற்களுக்குப் பொருள் தேடுவது எங்கள் தொழில். எண்களுக்கும் பொருள் உண்டு என்பதால் தேடிப் படித்தேன். 1934இல் தோன்றிய இந்திய சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி ஒன்று, சாலையில் ஓடும் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுகிறது. அந்த அலகு கார். கார் 1 என்றால் இருசக்கர வண்டி 0.5, மிதிவண்டியும் 0.5, பேருந்தும் லாரியும் 3, கைவண்டி 3, மாட்டு வண்டி 8. மாட்டு வண்டிக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது பெருமையால் அன்று. எட்டுக் கார்களின் வழியை அது மறிக்கிறது என்பதால். ஐம்பது பேர் ஏறிய பேருந்தும் 3. மூவர் தனித்தனியே ஓட்டிச் செல்லும் மூன்று கார்களும் 3. சமவெளியில் இருவழிச் சாலை ஒன்று நாளொன்றுக்கு இத்தகைய 15,000 அலகுகளைத் தாங்கும் என்பது அந்நெறியின் வரையறை. ஆண்டுக்கு 7.5 விழுக்காடு வளர்ச்சி என்று கொண்டால் பத்தாண்டுகளில் போக்குவரத்து இரு மடங்காகும். இவ்வாறுதான் இருவழி நான்காகிறது, நான்கு எட்டாகிறது.

நான் சொல்வது தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையைப் பற்றி. முன்பு தேசிய நெடுஞ்சாலை 45. இப்போது எண் 32. கூடவே இருப்புப் பாதையும் ஓடுகிறது. வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று இரு பக்கமும் ஊர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கு வழியானது. அண்மை ஆண்டுகளில் கட்டம் கட்டமாக எட்டு வழியாக விரிந்திருக்கிறது. இடையில் தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்ககங்களும் வந்தன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. சாலை அகலமாகியிருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்டிகைக்கு முந்தைய இரவில் அந்த நெரிசலில் சிக்கியவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். நெரிசலில் நிற்கும் ஆம்புலன்ஸின் ஒலியையும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் வளர்ச்சி என்பது சாலையின் நெடுக்கில் மட்டும் நிகழ்வதன்று. இரு கரையிலும் மக்கள் பெருகுகிறார்கள். வீடு ஒரு பக்கம், ரயில் நிலையம் மறுபக்கம். பள்ளி ஒரு பக்கம், ரேஷன் கடை மறுபக்கம். ஊர் வளர வளர, குறுக்கே நடப்பவர்களும் வளர்கிறார்கள். திட்டத்தில் நெடுக்குக்கு ஆண்டு வளர்ச்சி விகிதம் இருக்கிறது. குறுக்குக்கு அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

ஒரு சிறு கணக்கு. ஒரு வழித்தடத்தின் அகலம் 3.5 மீட்டர். நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்பது வழக்கமான மதிப்பு. பழைய இருவழிச் சாலையின் 7 மீட்டரைக் கடக்க ஆறு நொடி. எட்டுத் தடங்களின் 28 மீட்டரைக் கடக்க இருபத்து மூன்று நொடிக்கு மேல். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நடுத்தடுப்பில் நின்று பாதி பாதியாகக் கடந்தாலும், ஒவ்வொரு பாதிக்கும் இருநூற்றைம்பது மீட்டர் வெற்றுச் சாலை வேண்டும். இது திடமான காலுடையவருக்கான கணக்கு. இடுப்பில் குழந்தையோடு வருபவருக்கும் கைத்தடி ஊன்றுபவருக்கும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்கள் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவரின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நண்பகலில் வீட்டுக்குப் போய், படுக்கையில் கிடக்கும் தன் தாய்க்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி அடைக்கப்பட்ட பிறகு, திரும்பும் இடம்வரை நடந்து மறுபக்கம் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. சில நாள் தடுப்பின் மேல் ஏறி இறங்கினார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். காலையிலேயே தாயின் தலைமாட்டில் ஒரு தூக்கை வைத்துவிட்டு வருகிறார். "ஆறிப்போனாலும் குடிச்சுக்கும் சார், பழகிடுச்சு" என்றார்.

நடப்பவர்களை எண்ணும் விதியே இல்லை என்று நான் சொன்னால் அது அநியாயம். கடப்பதற்கு இடம் அமைக்க வேண்டுமா என்று தீர்மானிக்க ஒரு சூத்திரம் உண்டு. உச்ச நேரத்தில் ஒரு மணிக்குள் கடப்பவர் தொகையை, அதே நேரத்தில் ஓடும் வண்டித் தொகையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். தடுப்பில்லாச் சாலையில் 10 கோடியும் தடுப்புள்ள சாலையில் 20 கோடியும் வரம்பு. மணிக்கு 2,000 வண்டிகள் ஓடும் தடுப்புள்ள சாலையில் 50 பேர் கடந்தால் போதும், வரம்பு எட்டிவிடும். இரக்கமுள்ள சூத்திரம்தான். ஆனால் அதை எப்போது பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது சிக்கல். இடைவெளியை அடைத்த பிறகு எண்ணப் போனால், தடுப்பேறிக் குதிக்கும் சில இளைஞர்களே கணக்கில் வருவார்கள். அஞ்சி நின்றுவிட்ட அந்த அம்மா வரமாட்டார். ஒருவரும் கடக்காத இடத்தில் தொகை சுழியம். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியமே.

எண்ணில் இல்லாதவருக்குக் குரலாவது உண்டா? 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்ல இடம் தருகிறது. அந்த நிலத்தில் உரிமையோ நலனோ உடையவருக்கு மட்டும். நிலமில்லாமல், அதைக் கடந்து மட்டும் போகிறவருக்கு அங்கே இடமில்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்ற வாயில் சுற்றுச்சூழல் அனுமதியோடு சேர்ந்தது. அதற்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கை 2013இல் திருத்தப்பட்டபோது, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்குவதற்கான வரம்பு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம், 40 மீட்டருக்கு மேற்பட்ட கூடுதல் அகலம் என்று உயர்ந்தது. ஊர்களின் நடுவே நடக்கும் குறுகிய தூர விரிவாக்கங்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன.

நடப்பவர் தவறாமல் எண்ணப்படும் இடம் ஒன்று உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். எல்லோரும் சாலையைக் கடக்கும்போது இறந்தவர்கள் அல்லர். ஓரமாக நடந்தவர்களும் உண்டு. ஆயினும் உயிரோடு நடந்தபோது கட்டம் இல்லாதவர்களுக்கு இந்தத் தாளில் கட்டம் இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதன்று. வண்டிகளை எண்ணும் அதே வாரத்தில், அதே மரத்தடியில், குறுக்கே நடப்பவர்களையும் எண்ணலாம்: எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில், எந்த வயதினர் என்று. தடுப்பை அடைப்பதற்கு முன்பே, கால்கள் ஏற்கெனவே பழகிய இடத்தில் கடக்க வழி அமைக்கலாம். ஐம்பது படி ஏறி இறங்கும் மேம்பாலத்தை முழங்கால் வலியுள்ளவர் பயன்படுத்தமாட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதுவும் தேவையில்லை. இலங்கைத் தமிழில் இதற்குக் கடவை என்றொரு நல்ல சொல் வழங்குகிறது. நாம் கிராஸிங் என்கிறோம்.

பழந்தமிழில் ஆறு என்பது வழிக்கும் பெயர், நீரோடும் நதிக்கும் பெயர். வழியில் நெடுகச் செல்பவர்களுக்கு ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே கண்டிருக்கிறோம். எட்டு வழிச் சாலை இரு பொருளிலும் ஆறாகிவிட்டது. நதியைக் கடக்க மக்கள் இறங்கிய இடத்துக்கு முன்னோர் இட்ட பெயர் துறை. சாலைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும் நாம் துறை என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த முறை வரைபடத்தை விரிக்கும் பொறியாளர் எவரேனும் எங்கள் பழைய மாணவராக இருந்தால், அந்தச் சொல்லின் முதற்பொருளை அவர் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.