மரத்துக்கும் கட்டி வருமா?

வாசல் வேப்பமரத்தில், இடுப்பு உயரத்தில், தேங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. பல வருடங்களாக அங்கேதான் இருக்கிறது. ஒயரில் உரசும் கிளையை வெட்டக் கூலி பேச வந்தவர் சொன்ன பிறகுதான், அது அந்த வீட்டு அம்மாவின் கண்ணை உறுத்தியது.

"அக்கா, இது மரத்துக்கு வந்த கேன்சர். அடியோட வெட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை ஆளோட வர்றேன்."

அந்த வார்த்தை அவருக்குப் புதிதல்ல. மூன்று வருடங்களுக்கு முன் மார்பகக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். கீமோ நாள்களில் இந்த நிழலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அன்றிரவு, தாவரவியல் படிக்கும் மகளிடம் கேட்டார்.

"மரத்துக்கும் கேன்சர் வருமாடி?"

மகள் விளக்கினாள். மரப்பட்டைக்கு அடியில் புதிய செல்களை உருவாக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. வெட்டுக்காயம், பூச்சி, பூஞ்சை என ஏதாவது அதைப் பாதித்தால், அந்த இடத்தில் செல்கள் தாறுமாறாகப் பெருகிப் புடைத்துவிடலாம். பல மரங்களில் இன்னதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சில செடிகளிலும் மரங்களிலும் மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா காயம் வழியாக நுழையும். தன் டி.என்.ஏ-வின் ஒரு துண்டைத் தாவரத்தின் செல்லுக்குள் செருகிவிடும். பிறகு அந்த செல் வளர்ச்சி ஹார்மோன்களை அளவில்லாமல் உருவாக்கி, கட்டியாகப் பெருகும். கட்டிக்குக் காரணம் இந்த பாக்டீரியாதான் என்பதை 1907-ல் அமெரிக்காவின் எர்வின் ஸ்மித்தும் டவுன்செண்டும் கண்டறிந்தார்கள். இதே பாக்டீரியாவைக் கொண்டுதான் பின்னாளில் பயிர்களுக்குள் புதிய மரபணுக்களைச் செலுத்தக் கற்றுக்கொண்டார்கள் விஞ்ஞானிகள்.

"ஆனா, ஒரு வித்தியாசம் இருக்கும்மா. நம்ம உடம்புல கேன்சர் செல் ரத்தத்துல கலந்து வேற இடத்துக்குப் பரவலாம். அதுக்குத்தானே உனக்கு செக்கப். மரத்துல ஒவ்வொரு செல்லையும் சுத்திக் கெட்டியான சுவர் இருக்கு. கட்டி செல் இடம்விட்டு நகர முடியாது."

மறுநாள் காலை இருவரும் மரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். பொந்துச் சத்தம் இல்லை. கசிவு இல்லை, அடியில் காளான் இல்லை. உச்சிவரை பச்சை.

"கட்டியை மட்டும் செதுக்கி எடுத்துடலாமா?"

"வேணாம்மா. பெரிய காயமாகிடும். அது வழியா அழுகல் உள்ளே போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் ரம்பத்தோடு வந்தார்.

"கம்பியில படுற கிளையை மட்டும் கழிச்சுடுங்க தம்பி."

"அப்போ கட்டி?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க பார்த்துக்கிறோம்."

சொல்லிவிட்டு, நாற்காலியைக் கிளை விழாத பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.